வாடகைக்கு ஒரு வேகம்

மியூனிக் விமான நிலையத்தில் ஒரு நாள் வாடகைக்கு எடுத்த பி.எம்.டபிள்யூ. காரும், வேக வரம்பில்லாத சாலையும் கற்றுத்தருவது ஆக்சிலேட்டரைப் பற்றியல்ல

'செடான்' என்ற சொல்லுக்கு 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் வேறு பொருள். இரண்டு பக்கமும் கழி செருகி, முன்னால் ஒருவரும் பின்னால் ஒருவரும் தூக்கிச் செல்லும் மூடு நாற்காலி அது. நம் பாஷையில் பல்லக்கு. சுமப்பவர்கள் வெளியே, சொகுசு உள்ளே. மோட்டார் யுகம் பிறந்ததும் நான்கு கதவும் தனி டிக்கியும் உள்ள காருக்கு அமெரிக்கர்கள் அந்தப் பெயரைச் சூட்டினார்கள். 'ஸ்போர்ட்ஸ் செடான்' என்பதைச் சொல்லுக்குச் சொல் தமிழாக்கினால் 'பந்தயப் பல்லக்கு' என்று வரும். சிரிக்க வேண்டியதில்லை. விஷயமே அதுதான்.

இந்தப் பந்தயப் பல்லக்கை உலகம் முழுக்கப் பிரபலமாக்கியதில் மியூனிக் நகரத்து பி.எம்.டபிள்யூ.வுக்குப் பெரிய பங்கு உண்டு. 1959இல் டைம்லர் பென்ஸுக்குக் கைமாறிவிடும் நிலையில் இருந்த கம்பெனி அது. 1961இல் பிராங்க்பர்ட் கண்காட்சியில் வைத்த 1500 என்ற நான்கு கதவுக் கார்தான் அதை நிமிர்த்தியது. குடும்பத்தோடு போகலாம், ஆனால் ஓட்டுகிறவருக்கும் சந்தோஷம் மிஞ்ச வேண்டும் என்பது அந்தக் காரின் சூத்திரம். 1975இல் வந்த 3 சீரிஸ் அதன் வாரிசு. எஞ்சின் முன்னால், விசை பின் சக்கரங்களுக்கு, எடை முன்னும் பின்னும் ஏறக்குறையப் பாதிப் பாதி.

இந்தியாவிலும் இந்தக் கார் தயாராகிறது. சென்னையை அடுத்த மகிந்திரா வேர்ல்டு சிட்டியில் 2007இல் பி.எம்.டபிள்யூ. ஆலை திறக்கப்பட்டபோது முதலில் பூட்டப்பட்ட கார்களில் 3 சீரிஸும் ஒன்று. ஆனால் 2021 ஜனவரியில் அதே ஆலையிலிருந்து வந்தது 'கிரான் லிமோசின்' என்ற நீட்டப்பட்ட வடிவம். முன் பின் சக்கரங்களுக்கு இடையே 110 மி.மீ. கூடுதல். அந்த நீளத்தால் லாபம் ஓட்டுபவருக்கு அல்ல, பின் சீட்டில் உட்கார்ந்து பேப்பர் படிப்பவரின் முழங்காலுக்கு. ஓட்டுவதற்கென்றே பிறந்த காரை இந்தியா டிரைவரிடம் கொடுத்துவிட்டுப் பின்னால் ஏறிக்கொண்டது. பல்லக்கு மறுபடி பல்லக்காயிற்று.

ஆகவே இந்தக் கார் உண்மையில் எதற்காக என்று தெரிந்துகொள்ள ஆசைப்படும் இந்தியருக்கு மலிவான வழி ஒன்றுதான். அது பிறந்த ஊரில் ஒரு நாள் வாடகைக்கு எடுப்பது. புனேயில் மாருதி ஓட்டும் ஒரு பொறியாளர் வேலை நிமித்தம் மியூனிக் போகிறார், அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவருக்கு ஓய்வு என்று வைத்துக்கொள்வோம். சாக்கன் தொழிற்பேட்டை உள்ள ஊரில் அப்படிப்பட்டவர்களுக்குப் பஞ்சமில்லை.

வாடகைக் கார் தொழிலிலும் மியூனிக்குக்குப் பழைய உறவு உண்டு. மார்ட்டின் சிக்ஸ்ட் என்பவர் 1912இல் மூன்று கார்களோடு தொடங்கிய கடை இன்று பல நாடுகளில் கிளை விரித்திருக்கிறது. ஆனால் எந்தக் கம்பெனியின் கவுன்டராக இருந்தாலும் சடங்குகள் ஒன்றே. பாஸ்போர்ட், இந்திய லைசென்ஸ், அதோடு ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வாங்கிய சர்வதேச ஓட்டுநர் பெர்மிட். (இந்த பெர்மிட் வேறொன்றுமில்லை, லைசென்ஸின் மொழிபெயர்ப்புதான். அரசாங்கங்கள் மரியாதை கொடுக்கும் சொற்ப மொழிபெயர்ப்புகளில் இதுவும் ஒன்று.) கிரெடிட் கார்டில் டெபாசிட்டுக்காகப் பல நூறு யூரோ முடக்கப்படும். பணம் இருந்தால் மட்டும் போதாது, இந்த ரகக் கார்களுக்கு 25 வயதாவது ஆகியிருக்க வேண்டும் என்பார்கள் பல கம்பெனிகள்.

வாடகை உலகில் யாரும் குறிப்பிட்ட காரை வாங்குவதில்லை. ரகத்தைத்தான் வாங்குகிறார்கள். ரசீதில் '3 சீரிஸ் அல்லது அதற்கு இணையானது' என்றிருக்கும். அந்த 'அல்லது'வில் பல கனவுகள் உடைந்திருக்கின்றன. ஸ்போர்ட்ஸ் செடான் கேட்டுப் போனவருக்கு டீசல் ஸ்டேஷன் வேகன் கிடைப்பது ஐரோப்பாவில் சகஜம். நம் பொறியாளருக்கு அதிர்ஷ்டம். கிடைத்தது 330ஐ, பெட்ரோல். இரண்டு லிட்டர் எஞ்சின், நான்கு சிலிண்டர், டர்போ. இந்தத் தலைமுறை வெளிவந்தபோது கம்பெனி சொன்ன கணக்கு 258 குதிரை சக்தி, 100 கி.மீ. வேகத்தைத் தொட 5.8 விநாடி, உச்ச வேகம் 250.

அந்த 250ம் இயற்கையானதல்ல. அதற்கு மேல் போகாதபடி எலெக்ட்ரானிக் கடிவாளம் போடுவது என்று ஜெர்மன் கம்பெனிகள் 1980களின் பிற்பகுதியில் தங்களுக்குள் செய்துகொண்ட ஏற்பாடு அது. ஆனால் நம்மவருக்கு அதுவும் கிடையாது. டேஷ்போர்டில் சின்னதாக ஒரு ஸ்டிக்கர்: 210. அக்டோபர் வந்துவிட்டால் வாடகைக் கார்களுக்குக் குளிர்கால டயர் மாட்டிவிடுவார்கள். காரின் உச்ச வேகத்தைவிடக் குறைந்த வேகத்துக்கான டயர் போட்டிருந்தால், அந்த வரம்பை ஓட்டுபவரின் கண்ணில் படும்படி ஒட்டிவைக்க வேண்டும் என்பது ஜெர்மன் சட்டம். கார் என்ன சொன்னாலும் முடிவு டயருடையது.

உட்கார்ந்ததும் முதல் ஆச்சரியம், தாழ்வு. மாருதியில் நாற்காலியில் உட்காருவது போல ஏறிய உடம்பு, இங்கே கால்களை முன்னால் நீட்டிக்கொண்டு தரைக்கு அருகே இறங்குகிறது. சீட்டின் பக்கவாட்டு மடிப்புகள் விலா எலும்பை இரண்டு கையால் பிடிப்பது போலப் பிடிக்கின்றன. அடுத்த ஆச்சரியம் அவமானத்தோடு வரும். ஸ்டீரிங் இடப்பக்கம், சாலையில் ஓடுவது வலப்பக்கம். இதற்கு மனது தயாராகவே இருக்கும். கைதான் தயாராக இருக்காது. மாருதியில் இண்டிகேட்டர் வலக்கைப் பக்கம், இதில் இடக்கைப் பக்கம். விமான நிலையத்திலிருந்து வெளியே வரும் முதல் திருப்பத்தில் வெயிலில் வைப்பர் ஆடத் தொடங்கும். பின்னால் வருகிற ஜெர்மானியர் ஹாரன் அடிக்க மாட்டார். புனேக்காரருக்கு அந்த மௌனமே புதுசு.

ஏ92 சாலையில் சற்று தூரம், பிறகு நோய்ஃபார்ன் சந்திப்பில் ஏ9. பெர்லினையும் மியூனிக்கையும் இணைக்கும் பெருஞ்சாலை இது. விமான நிலையத்திலிருந்து வடக்கே நூரம்பர்க் ஏறக்குறைய 150 கி.மீ. தொடக்கத்தில் தலைக்கு மேல் மின்னணுப் பலகைகள். நெரிசலைப் பொறுத்து 120 என்றோ 100 என்றோ எழுத்து மாறும். எழுதியிருந்தால் அது சட்டம். வரம்பே இல்லாத சாலை என்று கேள்விப்பட்டு வந்தவருக்கு இது ஏமாற்றம். மொத்த ஆட்டோபானில் நிரந்தர வரம்பில்லாத பகுதி ஏறக்குறைய 70 சதவீதம். அங்கும்கூட 130 கி.மீ. என்பது 1978 முதல் பரிந்துரைக்கப்பட்ட வேகம்.

ஹாலர்டாவ் பகுதியில் பீருக்கு வாசனை கொடுக்கும் ஹாப்ஸ் கொடி பயிராகிறது. அறுவடை முடிந்து, கொடி ஏறும் உயரக் கம்பங்கள் மட்டும் வெறுமையாக நிற்கும் பருவம். இந்தப் பக்கத்தில் பலகைகள் அணைந்துவிட்டால் காரின் பேச்சு ஆரம்பிக்கிறது.

100இல் இந்தக் கார் தூங்குகிறது. எட்டு கியர் ஆட்டோமேட்டிக் பெட்டி எட்டாவதில் கிடக்க, எஞ்சின் சத்தம் டயர் சத்தத்துக்குள் கரைந்துவிடும். 130இல் பேச்சுக் குரலை உயர்த்த வேண்டியதில்லை. மும்பை - புனே எக்ஸ்பிரஸ்வேயில் 100ஐத் தாண்டினாலே மாருதியின் ஸ்டீரிங் கையில் லேசாகி, காற்று கதவிடுக்கில் சீழ்க்கை அடிக்கும். இங்கே நேர்மாறு. வேகம் ஏற ஏற ஸ்டீரிங்குக்குக் கனம் கூடுகிறது, கார் சாலையில் அழுந்திப் படிகிறது. 160இல்தான் காற்று முதன்முதலாக வாயைத் திறக்கும். ஆக்சிலேட்டரை இன்னும் மிதித்தால் பெட்டி இரண்டு மூன்று கியர் கீழே இறங்கி, யாரோ பின்னாலிருந்து முதுகில் உள்ளங்கையை வைத்துத் தள்ளுவது போல ஒரு உந்தல். முன் சக்கரம் இழுக்கும் காருக்கும் பின் சக்கரம் தள்ளும் காருக்கும் உள்ள வித்தியாசத்தைப் புத்தகத்தில் எத்தனை முறை படித்திருந்தாலும் அது விளங்குகிற இடம் முதுகுதான்.

180ஐத் தாண்டியதும் சாலை மாறிவிடுகிறது. நேர்கோடாகத் தெரிந்ததெல்லாம் இப்போது வளைவு. தொலைவில் பொம்மை போல் இருந்த வேன், கண் சிமிட்டுவதற்குள் முழு வேனாகிவிடும். ஸ்டீரிங்கை அசைப்பதுகூட இல்லை, நினைப்பதே போதும் என்றாகிவிடும். 200இல் ஒரு விநாடிக்குக் கார் கடப்பது 55 மீட்டர். தும்மினால் ஒரு தெரு.

இந்த இடத்தில்தான் ஓட்டுபவருக்குப் பெருமிதம் வர வேண்டும். வருவதில்லை. வருவது கவனம். வாய் உலர்கிற அளவு கவனம். ஜெர்மன் டிரைவிங் பள்ளிகளில் மனப்பாடம் செய்விக்கும் வாய்ப்பாடு ஒன்று உண்டு. வேகத்தைப் பத்தால் வகுத்து மூன்றால் பெருக்கினால், மூளை பிரேக்கை நினைப்பதற்குள் கார் ஓடிவிடும் தூரம். பத்தால் வகுத்ததை அதே எண்ணால் பெருக்கினால் பிரேக் பிடித்து நிற்கும் தூரம். 100 கி.மீ. வேகத்தில் 30ம் 100ம் சேர்ந்து 130 மீட்டர். 200இல் 60ம் 400ம் சேர்ந்து 460 மீட்டர். வேகம் இரு மடங்கு, பிரேக் தூரம் நான்கு மடங்கு. நல்ல காரும் நல்ல டயரும் அழுத்தமாக பிரேக் பிடித்தால் இதைவிடக் கணிசமாகக் குறைவான தூரத்தில் நிற்கும். ஆனால் நான்கு மடங்கு என்ற விகிதம் மாறாது. அது கம்பெனி போட்ட கணக்கு அல்ல, இயற்கை போட்டது.

அப்படியானால் அந்த 460 மீட்டர் காலியாக இருக்கும் என்று 200இல் போகிறவர் எதை நம்பிப் போகிறார்? காரின் சாமர்த்தியத்தை அல்ல. முன்னால் வலத் தடத்தில் போகும் பழைய சின்னக் கார்க்காரரைத்தான். அவர் கண்ணாடியைப் பார்க்காமல் இடப்பக்கம் வர மாட்டார், இண்டிகேட்டர் போடாமல் விலக மாட்டார், முந்தி முடித்ததும் வலப்பக்கம் திரும்பிவிடுவார் என்ற நம்பிக்கை. இடத் தடம் முந்துவதற்கு மட்டுமே. வலப்பக்கமாக முந்துவது குற்றம். லாரிகள் 80க்கு மேல் போகக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை இரவு பத்து மணி வரை, சில விலக்குகள் தவிர, அவை சாலைக்கே வரக் கூடாது. போக்குவரத்து நத்தை வேகத்துக்கு வந்தாலே இடத் தடத்துக்காரர்கள் இடப்பக்கமும் மற்றவர்கள் வலப்பக்கமும் ஒதுங்கி, நடுவில் ஆம்புலன்ஸுக்கு வழி விட வேண்டும். விபத்து நடந்ததா என்று பார்த்துவிட்டு அல்ல, முன்கூட்டியே. விடாதவருக்குக் குறைந்தபட்சம் 200 யூரோ அபராதமும் ஒரு மாதம் ஓட்டத் தடையும். பெட்ரோல் தீர்ந்து நடுவழியில் நின்றால்கூடத் தண்டனைக்கு இடமுண்டு.

நம்மவர் 200இல் சாதனை உணர்வோடு போய்க்கொண்டிருக்கும்போது பின்னால் ஒரு ஆடி ஸ்டேஷன் வேகன். மேற்கூரையில் சைக்கிள்கள், உள்ளே குழந்தைகள். ஒதுங்கி வழி விட்டால் அது சாவகாசமாகக் கடந்து போகும். இங்கோல்ஸ்டாட்டை நெருங்கியாயிற்று. ஆடியின் சொந்த ஊர். இந்தச் சாலையில் வேகம் அந்தஸ்து அல்ல, ஒரு ஏற்பாடு. பெரிய காருக்கு என்று தனி மரியாதை கிடையாது, முந்த வேண்டியவருக்குத்தான் வழி.

சட்டமும் இந்த ஏற்பாட்டுக்கு ஒரு விலைச்சீட்டு கட்டியிருக்கிறது. 1992இல் ஜெர்மனியின் உச்ச சிவில் நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. 130க்கு மேல் போவது குற்றமில்லை. ஆனால் விபத்து நடந்தால், தவறு எதிராளியுடையதாக இருந்தாலும், 130க்கு மேல் போனவர் நஷ்டத்தில் ஒரு பங்கைச் சுமக்க நேரலாம். அனுமதி உண்டு, பொறுப்பும் உண்டு. வாடகை ஒப்பந்தத்தின் பொடி எழுத்துகள் இன்னும் கறாரானவை. இன்ஷூரன்ஸ் இருந்தாலும் குறிப்பிட்ட தொகை வரை நம் தலையில். டயர், கண்ணாடி, அடிப்பாகம் ஆகியவற்றுக்குப் பெரும்பாலும் தனிக் காப்பீடு. குடித்திருந்தால் எதுவும் இல்லை. நூர்பர்க்ரிங் போன்ற பந்தயத் தடங்களுக்குக் கொண்டுபோவதற்குப் பொதுவாகத் தடை.

ஜெர்மானியர்களே இந்த ஏற்பாட்டைப் பற்றி ஒரே கருத்தில் இல்லை. 130 என்று வரம்பு வைத்தாலே ஆண்டுக்கு 19 லட்சம் டன் கரியமில வாயு மிச்சமாகும் என்று அவர்களது கூட்டாட்சிச் சுற்றுச்சூழல் அலுவலகம் 2020இல் கணக்குச் சொன்னது. வரம்பை நெடுங்காலம் எதிர்த்துவந்த மோட்டார் சங்கமான ஏ.டி.ஏ.சி. அதே ஆண்டு எதிர்ப்பைக் கைவிட்டது. நம்மவர் அந்தக் கணக்கைப் பெட்ரோல் முள்ளில் படித்துக்கொள்ளலாம். 200இல் கார் குடிப்பது 130இல் குடிப்பதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஆட்டோபான் ஓரத்து பங்குகளில் பெட்ரோல் விலையும் ஊருக்குள் இருப்பதைவிட அதிகம்.

இத்தனைக்கும் மிச்சப்படுவது என்ன? 150 கி.மீ. தூரத்தைச் சராசரி 130இல் கடந்தால் 69 நிமிடம். எப்படியோ சராசரி 160 வைத்துவிட்டால் 56 நிமிடம். பதின்மூன்று நிமிடம். ஒரு காபிக்குச் சரி. அல்ட்மூல் பள்ளத்தாக்கின் இறக்கம், சாலைப் பணி, 80 என்ற பலகை எல்லாம் வந்தபின் அந்தச் சராசரியும் எட்டாது. நூரம்பர்க் கோட்டைக்குக் கீழே காரை நிறுத்தும்போது தோள்பட்டை இறுகியிருக்கும். 210ஐ அவர் தொட்டிருக்க மாட்டார். தொட வேண்டும் என்ற ஆசை எந்த இடத்தில் விட்டுப்போயிற்று என்றும் நினைவிருக்காது. திரும்பும் பயணத்தை 140க்குள் முடித்துக்கொள்வார். அந்த வேகத்தில்தான், உண்மையைச் சொன்னால், கார் மிக நன்றாக இருக்கிறது. ஸ்டீரிங் சொல்வதைக் கேட்க அவகாசம் இருக்கும்.

இனி புனே. இதே ரகத்தில் இன்னும் உசத்தியான கார் ஒன்று 2024 மே 19 அதிகாலையில் அங்கே கல்யாணி நகரில் மோட்டார் பைக்கில் மோதி, மத்தியப் பிரதேசத்தைச் சேர்ந்த இரண்டு இளம் பொறியாளர்கள் இறந்தார்கள். பதிவு எண் இல்லாத போர்ஷே டைகான், மின்சார ஸ்போர்ட்ஸ் செடான். ஓட்டியதாகக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு வயது 17. முதலில் ஜாமீன் கொடுத்த சிறார் நீதி வாரியம் விதித்த நிபந்தனைகளில் ஒன்று, விபத்துகளைப் பற்றி 300 வார்த்தையில் கட்டுரை எழுத வேண்டும் என்பது. நாடே கொதித்தது அந்தக் கட்டுரைக்காகத்தான். ஆனால் கொதிக்க வேறு காரணமும் உண்டு. மியூனிக்கில் பணம் கட்டத் தயாராக இருப்பவரின் வயதைக்கூடக் கேட்டு நிறுத்துகிறது ஒரு வாடகைக் கவுன்டர். அந்த இரவில் பதிவெண் இல்லாத காரைச் சாலைக்கு வராமல் நிறுத்த யாருமில்லை.

மத்திய அரசின் கணக்குப்படி 2022இல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் 71 சதவீதம் அதிவேகத்தின் கணக்கில் எழுதப்பட்டிருக்கிறது. வரம்பில்லாத சாலைகள் உள்ள ஜெர்மனியில் அதே ஆண்டு இறந்தவர்கள் 2,788. மக்கள்தொகையை ஈடுகட்டிப் பார்த்தாலும் லட்சத்துக்கு மூன்று சொச்சம் பேர் அங்கே, பன்னிரண்டு பேர் இங்கே. அதிவேகம் என்று ஒரே கட்டத்தில் எழுதிவிடுவது போலீசுக்கு வசதி. ஆனால் வலத் தடத்தில் 40இல் ஊரும் லாரி, எதிர்த் திசையில் வரும் டிராக்டர், தடுப்பைத் தாண்டிக் குறுக்கே நடக்கும் கிராமத்துப் பெண் எல்லோரும் இருக்கும் சாலையில் எது அதிவேகம் என்று எந்த ஸ்பீடாமீட்டரும் சொல்லாது. அந்தப் பெண்ணுக்கு நடைபாலம் கட்டாதவர் எந்தக் கட்டத்திலும் வருவதில்லை. பின் சீட்டுப் பல்லக்கும் பத்திரமில்லை. 2022 செப்டம்பர் 4 அன்று பால்கர் அருகே பாலத்தில் கார் மோதித் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி இறந்தது பின் சீட்டில், பெல்ட் இல்லாமல்.

ஸ்போர்ட்ஸ் செடானை இந்தியாவில் வாடகைக்கு எடுக்க முடியாது என்றில்லை. ஓட்டுநர் இல்லாமல் காரை வாடகைக்கு விட 1989ஆம் ஆண்டுத் திட்டம் வழி செய்கிறது. கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து உள்ள கார்கள் அந்த வகை. 2013இல் பெங்களூரில் ஜூம்கார் தொடங்கிய பிறகு அவை நகரங்களில் கண்ணுக்குப் பழகிவிட்டன. சொகுசு ரகம் மட்டும் இன்னும் பெரும்பாலும் டிரைவரோடுதான் வருகிறது, அதுவும் முகூர்த்த நாட்களில், பானெட்டில் ரோஜா மாலையோடு, பத்து கி.மீ. வேகத்தில், பாண்டு வாத்தியத்துக்குப் பின்னால்.